முளையில் வெட்டிய மூன்று மில்லிமீட்டர்

கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவுகிற கருவியைத் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் டிசைனராக இருக்கிறேன். கம்பெனி அரியமங்கலம் பக்கம், வீடு ஸ்ரீரங்கத்தில். காவிரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட் முன்னால் லாரிகள் ரிவர்ஸ் எடுத்து வழியை அடைப்பதற்குள் ஸ்கூட்டரில் கடந்துவிட்டால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நான் சொல்லப்போவது ஒரு கனெக்டரைப் பற்றியும், அதனால் வேலையை இழந்த ஒருவரைப் பற்றியும்.

எங்கள் கருவி மூன்று அடுக்காக வரும். அடியில் இருப்பது கரண்ட் அடுக்கு. மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. அதன்மேல் போன் அடுக்கு, சிம் கார்டு இருப்பது அதில். அதற்கும் மேலே தண்ணீர் அடுக்கு. கிணற்றில் நீர் இறங்கிவிட்டால் அது கீழே தகவல் அனுப்பி மோட்டாரை நிறுத்தச் சொல்லும். தேவையான அடுக்கை மட்டும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி மாட்டிக்கொள்ளலாம், நடுவில் ஒயர் கிடையாது. ஒவ்வோர் அடுக்கின் அடிப்புறத்திலும் இரண்டு வரிசையாகப் பதினாறு பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் அடுக்கின் மேற்புறத்தில் அவற்றுக்கான பதினாறு துளைகள். கம்பெனியில் எல்லோரும் இதை டிபன் கேரியர் என்பார்கள்.

அந்தப் பின்களும் துளைகளும் என் பொறுப்பு. பின் என்பது கோணி ஊசியைவிட மெல்லிசான பித்தளைக் கம்பி. துளைக்கு நேராக இறங்கினால் வருடக்கணக்கில் மாட்டலாம், கழற்றலாம். சாய்ந்து இறங்கினால் முதல் தடவையே மடங்கிவிடும். மடங்கியதை நிமிர்த்தினால் இரண்டாம் தடவை ஒடியும். நேராக இறங்க வைப்பதற்காகப் பின்களின் இரு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் முளைகள் வைத்திருந்தேன். பின் தொடுவதற்கு முன்பே முளைகள் கீழ் அடுக்கின் குழிகளில் இறங்கிவிட வேண்டும். அதன்பிறகு கையால் சாய்க்க நினைத்தாலும் அடுக்கு சாயாது. அதற்கு முளை பின்னைவிட உயரமாக இருக்க வேண்டும். முதலில் அப்படித்தான் வரைந்திருந்தேன்.

இதற்கிடையில் இரும்புப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. மூன்று அடுக்கையும் உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டி. முதலாளி அவற்றை மொத்தமாக முன்பே ஆர்டர் செய்திருந்தார். மூன்று அடுக்கையும் மாட்டிப் பார்த்தால் கதவு மூடவில்லை. முளை நீளமென்றால் அது இறங்கும் குழி ஆழமாக வேண்டும், குழி ஆழமானால் அடுக்கின் தடிமன் கூடும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே ஓர் அரைநாள் யோசித்துவிட்டு முளையில் மூன்று மில்லிமீட்டரைக் குறைத்தேன். முளையும் பின்னும் ஒரே உயரத்துக்கு வந்தன. கதவு மூடியது.

மேஜையில் வைத்து நிறையத் தடவை மாட்டிப் பார்த்தேன். சோல்டரிங் செய்கிற பெண்களையும் மாட்டச் சொன்னேன். ஒரு பின்கூட மடங்கவில்லை.

கருவியைத் தோட்டத்துக்குப் போய்ப் பொருத்துவதற்குக் கம்பெனி ஒரு எலக்ட்ரீஷியனை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. துறையூர்க்காரர், என் வயதுதான் இருக்கும், நாற்பத்திரண்டு அல்லது நாற்பத்துமூன்று. வடக்கே துறையூர் பக்கமும் தெற்கே மருங்காபுரி பக்கமும் பைக்கிலேயே போய் வருவார். அதிகம் பேசமாட்டார். விற்பனை தொடங்கி இரண்டு மாதத்துக்குள் அவர் ஒரு மஞ்சள் பையில் பழுதான அடுக்குகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் பின்கள் மடங்கியிருந்தன, பெரும்பாலும் கீழ் வரிசையில்.

"எப்படி மாட்டினீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான் மேடம். பின்னு முன்னாடி போய் முட்டுது. அந்த முளை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லா இருக்கும்."

"இங்க நாங்க எத்தனையோ தடவை மாட்டிப் பாத்துட்டோம். ஒண்ணும் ஆகலையே."

"இங்க ஆகாதுதான்" என்றார்.

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த 'இங்க' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். புதிய அடுக்குகளைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்தக் கோடையில் மருங்காபுரிப் பக்கம் ஒரு கடலைத் தோட்டத்தில் மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் அடுக்கின் ஒரு பின் மடங்கித் துளைக்கு வெளியே படுத்திருந்தது. நீர் வற்றிவிட்டது என்ற தகவலைக் கொண்டுபோக வேண்டிய பின் அதுதான். மோட்டார் காலையிலிருந்து மதியம் வரை வெறும் கிணற்றில் ஓடி, அதன் செம்புக் கம்பிக் காயில் கருகிவிட்டது. ஆள் சேதம் இல்லை. எலக்ட்ரீஷியன் மறுநாளே போய் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

முதலாளி என்னிடம் அறிக்கை கேட்டார். ஒரு பக்க அறிக்கை. கனெக்டரை எத்தனை தடவை பரிசோதித்தோம், முடிவு என்ன என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் "பொருத்தும் பணியாளரின் கையாளும் முறையில் ஏற்பட்ட தவறே காரணம்" என்று முடித்தேன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முளையைக் குறைத்ததைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது.

அந்த மாதக் கடைசியோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கணக்கு முடிக்க வந்தவர் என் மேஜைப் பக்கம் வரவில்லை.

அடுத்து வந்த எலக்ட்ரீஷியனும் மடங்கிய பின்களோடுதான் வந்தார். நான்கு மாதத்தில் அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆள் இல்லாத அந்த இடைவெளியில், அதே மருங்காபுரித் தோட்டத்தில் போன் அடுக்கு வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. கம்பெனி வேனில் நானே கிளம்பினேன். கருவி விற்பனைக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. அது பொருத்தப்பட்ட இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன் என்பது வழியில் துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில்தான் உறைத்தது.

மோட்டார் ரூம் என்பது ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில்தான் நிற்க வேண்டும். எங்கள் பெட்டி சுவரில் என் இடுப்பு உயரத்தில் திருகப்பட்டிருந்தது. அதற்குமேல் பழைய ஸ்டார்ட்டரும் மெயின் சுவிட்சும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. தோட்டத்துக்காரர் ஐம்பது வயதுப் பெண்மணி. கணவர் இறந்தபின் மகளும் மருமகனும் கூட இருக்க, தோட்டத்தை அவரே பார்த்துக்கொள்கிறார். மெயினை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

தண்ணீர் அடுக்கை எடுத்து வைத்துவிட்டு, பழைய போன் அடுக்கைக் கழற்றிப் புதியதை எடுத்தேன். பெட்டிக்குள் பார்க்க வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும். குனிந்தால் என் தலையே வெளிச்சத்தை மறைத்தது. குந்தி உட்கார்ந்தால் பெட்டி கண்ணுக்குமேல் போய்விட்டது. கடைசியில் பாதி குனிந்தபடி, பார்க்காமல் கையால் தடவித்தான் மாட்ட வேண்டியிருந்தது. அடுக்கை அழுத்தும்போது ஒன்று தெரிந்தது. மேஜையில் நான் மேலிருந்து கீழே அழுத்தினேன், அடுக்கின் எடையே அதை நேராக உட்கார வைத்தது. சுவரில் பக்கவாட்டில் தள்ள வேண்டும், எடை முழுவதும் கீழே இழுக்கிறது. விரலைவிட்டுக் கொஞ்சம் நழுவியதும் மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து, கீழ் வரிசைப் பின்கள் துளைக்குக் கீழே போய் முட்டின. சின்னதாக ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் மூன்று பின்கள் மடங்கியிருந்தன. மஞ்சள் பையில் வந்த அடுக்குகளில் இருந்ததைப் போலவே.

அவற்றை நகத்தால் நிமிர்த்தப் பார்த்தேன்.

"என்னம்மா, ஆவலையா?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

"பின் மடங்கிருச்சுங்க. இன்னொண்ணு எடுத்துட்டு வந்திருக்கேன், அதை மாட்டிப் பாக்குறேன்."

"அந்தத் தொறையூர்க்காரரு கம்பி வச்சுல்ல மாட்டுவாரு. மோட்டாரு எரிஞ்சதுக்கு மறுநாளு வந்தப்ப அப்படித்தான் மாட்டுனாரு. இங்கதான் சொருகி வச்சாரு, இருங்க." கையை உயர்த்தி ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே தடவி இரண்டு கம்பித் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

சைக்கிள் ஸ்போக்கை விரல் நீளத்துக்கு வெட்டி, முனைகளைத் தேய்த்து உருட்டியிருந்தார். எங்கள் அடுக்கின் இரண்டு மூலைகளில் திருகாணிக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியாக இந்தக் கம்பிகளைக் கீழ் அடுக்கில் செருகிவிட்டால் இரண்டு தண்டவாளம் மாதிரி நிற்கும். மேல் அடுக்கை அதில் கோர்த்துத் தள்ளினால் வேறு எங்கும் போக முடியாது. கோர்த்துத் தள்ளினேன். பார்க்காமலேயே போய் உட்கார்ந்தது. தண்ணீர் அடுக்கையும் அதேபோல் கோர்த்துவிட்டு, கம்பிகளை உருவித் திருகாணி போட்டேன்.

நான் அறிக்கை எழுதுவதற்கு முன்பே அவர் வழி கண்டுபிடித்திருந்தார்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். முளையைக் குறைத்தது, ஏன் குறைத்தது, சுவரில் மாட்டி ஒரு தடவைகூடப் பார்க்காதது, எல்லாவற்றையும். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"அப்ப அவரு மேல தப்பு இல்லைங்கறீங்க?"

"இல்ல சார். என் மேலதான்."

"சரி, டிசைனை மாத்துங்க. போனதை எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"மோட்டார் எரிஞ்சதுக்கு நான் எழுதின ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கு சார். அதை மாத்தி எழுதித் தரேன்."

"எழுதுங்க" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புது டிசைனுக்கு மூன்று வாரம் ஆனது. முளைகளை நடுவிலிருந்து அடுக்கின் இரு மூலைகளுக்குத் தள்ளினேன். அங்கே சர்க்யூட் போர்டு கிடையாது, குழி எவ்வளவு ஆழமாகவும் போகலாம், தடிமன் கூடாது. ஆகவே முளையைப் பின்னைவிட எட்டு மில்லிமீட்டர் உயரமாக்க முடிந்தது, பழைய பெட்டியின் கதவும் மூடியது. முதல் தடவையே இதைச் செய்திருக்கலாம். அரைநாளுக்குப் பதில் ஒரு வாரம் யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்களைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் சுவர் எழுப்பினேன், எதுவும் நேராக வந்து அவற்றின்மேல் மோத முடியாதபடி. ஒரு மூலையை வெட்டிவிட்டதால் தலைகீழாக மாட்டவும் வராது. எர்த் பின்னை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக்கினேன், முதலில் அதுதான் சேர வேண்டும். தண்ணீர் அடுக்கிலிருந்து தகவல் வராவிட்டால் மோட்டார் தானாக நிற்கும்படி சர்க்யூட் பார்ப்பவரிடம் மாற்றச் சொன்னேன். அது முன்பே அப்படி இருந்திருக்க வேண்டும்.

முதல் மாதிரி வந்ததும் சோல்டரிங் பிரிவில் மூத்தவரான ஒரு பெண்மணியிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னேன். சுவரில் பெட்டியைத் திருகி வைத்திருந்தேன். இரண்டு தடவை முட்டினார்.

"ரெண்டு குழியும் ஒரே நேரத்துல கிடைக்கணும்னா எப்படி மேடம்? ஒண்ணு கிடைச்சப்புறம்தான் இன்னொண்ணு. பின்பக்கம் ஹூக் வச்ச ஜாக்கெட்டை மாட்டுறோம்ல, ஒரு விரல்ல வளையத்தைத் தொட்டுக்கிட்டுத்தானே ஹூக்கைக் கொண்டாறோம்?"

அவர் சொன்னது சரி. ஒரு முளையை இன்னொன்றைவிட நீளமாக்கினேன். நீளமானது முதலில் தன் குழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும், பிறகு அதைப் பிடிமானமாக வைத்து மற்றதைத் திருப்பலாம். இரண்டாவது குழியை வட்டமாக வைக்காமல் நீள்வட்டமாக்கினேன். இரும்புப் பெட்டிக்குள் வெயிலில் பிளாஸ்டிக் விரியும். இரண்டு குழியும் கச்சிதமான வட்டமாக இருந்தால் ஒன்று இறங்கும்போது இன்னொன்று இறுகிக்கொள்ளும். ஒன்று பிடிக்கட்டும், மற்றது கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும் என்று வைத்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் துணி துவைக்கும் இடத்துச் சுவரிலும் ஒரு பெட்டியைத் திருகினேன். என் கணவர் பேங்கில் வேலை செய்பவர், ஸ்குரூ டிரைவரைத் தொட்டதில்லை. எனக்கு அப்படிப்பட்ட கைதான் தேவைப்பட்டது. தினமும் காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் இடது கையால் பத்து தடவை மாட்டிக் கழற்றுவார்.

"இதுக்குத்தான் பி.காம். படிச்சேனா?" என்று நான்காம் நாள் கேட்டார். ஆனால் மார்கழி முழுவதும் செய்தார். வைகுண்ட ஏகாதசி வாரத்தில் வந்திறங்கிய விருந்தாளிகளும் ஆளுக்கு நாலு தடவை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு பின்னும் மடங்கவில்லை.

தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். பையில் புது அடுக்குகள் இரண்டும், மாற்றி எழுதிய அறிக்கையின் நகலும் இருந்தன. போன் செய்துவிட்டுப் போகவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அவர் அங்கே பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எண்ணிக்கையை விட்டுவிடாமல் சுற்று முடியும்வரை சுற்றினார். பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்க." நின்றுகொண்டே சொன்னேன். "மோட்டார் எரிஞ்சதுக்கு நீங்கதான் காரணம்னு நான் எழுதிட்டேன். அது தப்பு. முளையைக் குறைச்சது நான்தான்."

"அது தெரியும்ங்க" என்றார். "முதல்ல கம்பெனியில காட்டின சாம்பிள்ல முளை பெருசா இருந்துச்சு. அப்புறம் வந்ததுல இல்லை."

அறிக்கையைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமாக முழுவதும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அது என்ன, புதுசா?" என்று என் பையைக் காட்டினார்.

கொடுத்தேன். மூலைகளைத் தடவினார், பிளாஸ்டிக் சுவருக்குள் விரல் நுழைகிறதா என்று பார்த்தார். கீழ் அடுக்கைக் கடைச் சுவரில் ஒரு திருகாணியில் நிறுத்தி, என்னைப் பார்த்தபடியே மேல் அடுக்கைத் தள்ளினார். உட்கார்ந்தது. தலையை ஆட்டினார். பிறகு கழற்றப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

"போடுறதுக்கு வழி பண்ணிட்டீங்க. கழட்டுறதுக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"எங்கயாச்சும் நகம் வைக்க இடம் இருக்கா பாருங்க. வழவழன்னு இருக்கு. இந்தக் கையில எண்ணெய் வேற. வராட்டி எல்லாரும் டெஸ்டரை விட்டு ஒரு பக்கமா நெம்புவாங்க. நெம்புனா என்ன ஆவும்? போறப்ப மடங்காத பின்னு வர்றப்ப மடங்கும்."

என் கணவரும் விருந்தாளிகளும் வெறும் கையோடு, மாட்டிய மறுநிமிடமே கழற்றினார்கள். தோட்டத்தில் ஆறு மாதம் தூசியும் வெயிலும் தின்ற பிறகு கழற்ற வேண்டியிருக்கும். அவருடைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கி, அங்கேயே இரு பக்கமும் விரல் பதிய ஒரு பள்ளம் வரைந்தேன். "ரெண்டு பக்கமும் ஒரே நேர்ல இருக்கணும், அப்பதான் நேரா வரும்" என்று பென்சிலை வாங்கி ஒரு பள்ளத்தைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினார்.

கம்பெனிக்குத் திரும்பி வருவாரா என்று கேட்டேன். முதலாளியிடம் பேசியிருப்பதாகச் சொன்னேன்.

"வேண்டாம் மேடம். இங்க சரியா இருக்கு." கம்பிச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டே, "அந்த மருங்காபுரி அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க. அன்னைக்கு அவங்க மாப்பிள்ளை ஊரே கேக்குற மாதிரி பேசிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடுறதில்லை" என்றார்.

அங்கேயே போன் போட்டேன். அந்த அம்மா எடுத்தார். முளை, பின் என்று விளக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "அன்னைக்கு மோட்டார் எரிஞ்சதுக்கு எங்க மேலதான் தப்புங்க. மாட்டினவர் மேல ஒண்ணும் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

"இதை அப்பவே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். பிறகு, "அவரு பக்கத்துல இருக்காரா? குடுங்க."

போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்து நின்றேன். உள்ளே அவர் "பரவாயில்லம்மா... அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா..." என்று சொல்வது கேட்டது. பிறகு, "கடலை எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். பேச்சு நீண்டது. எனக்கு அடுத்த பஸ் போய்விட்டது.

விரல் பள்ளம் வைத்த அடுக்குதான் இப்போது விற்பனையில் இருக்கிறது. பின் மடங்கி ஓர் அடுக்கும் இதுவரை திரும்பி வரவில்லை. அவர் எங்கள் கம்பெனிக்கு வரவில்லை. மருங்காபுரிப் பக்கத்திலிருந்து மீண்டும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை போனில் சொன்னார். முதலாளி மாற்றிய அறிக்கையைப் பழையதற்குப் பின்னால் ஃபைலில் கோர்த்து வைத்திருக்கிறார். பழையதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.